குப்பை மேட்டிலே குஞ்சரங்கள்! குற்றம் யாருடையது?

பள்ளக்காட்டிலே மாண்டு கிடந்த யானைகளின் வயிற்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர் கண்டது என்ன? இலை இல்லை, தழை இல்லை, புல்லும் இல்லை. பொலித்தீன் பைகளும், பிளாஸ்டிக் துண்டுகளும், உணவுப் பண்டம் சுற்றிய உறைகளுமே அங்கே திணிந்து கிடந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோ பசுந்தாவரம் உண்டு வாழவேண்டிய பேருயிர், மனிதன் தின்று எறிந்த எச்சிலையும் அந்த எச்சிலைப் பொதிந்திருந்த நஞ்சையும் சேர்த்து விழுங்கிச் செத்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு வார இறுதியிலே இரண்டு யானைகள் இவ்வாறு இறந்து கிடந்தன. எட்டு ஆண்டுகளுக்குள் அந்த ஒரே குப்பை மேட்டை நம்பி மடிந்த யானைகளின் தொகை ஏறக்குறைய 20.

உலகப் பத்திரிகைகள் அந்தக் காட்சியைப் படம்பிடித்து வெளியிட்டன. குப்பை மலையின்மேல் நிரை நிரையாக நின்று கிளறுகின்ற யானைக் கூட்டத்தைக் கண்டு கடல் கடந்த நாட்டவர் கண்ணீர் உகுத்தனர். அம்பாறைக் கரையோரத்தில் வாழும் நாமோ, “ஐயோ பாவம்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, மறுநாட் காலையில் அதே பொலித்தீன் பையிலே சோற்றைக் கட்டித் தெருவோரத்தில் வைத்தோம். லொறி வந்தது, ஏற்றிச் சென்றது. எங்கே சென்றது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா? தன்னாட்சி கோருகின்ற ஒரு மக்கட் கூட்டம், தன் வீட்டுக் குப்பையையாவது தானே ஆளக் கற்றிருக்க வேண்டாமா?

யாருடைய குப்பை?

ஒலுவில் – பள்ளக்காட்டுக் காட்டோரத்திலே, அஷ்ரப் நகரை அடுத்து அந்தக் குப்பை மேடு எழுந்தது. கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய ஊர்களின் கழிவுகள் ஆண்டுக்கணக்காக அங்கே கொண்டுபோய்க் கொட்டப்பட்டன. இவற்றுள் முஸ்லிம் ஊரும் உண்டு. தமிழ் ஊரும் உண்டு. காணிக்கும் எல்லைக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒருவரோடொருவர் ஓயாது வழக்காடுகின்ற நம்மவர், காட்டோரத்தில் குப்பை கொட்டுவதிலே மாத்திரம் கைகோத்து நின்றோம்! இந்த ஒற்றுமையை என்னென்று புகழ்வது!

அந்த இடம் வெறுங் குப்பை மேடாகத் தொடங்கப்பட்டதன்று. 2008ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு கழிவு முகாமைத்துவ நிலையமாகவே அது அமைக்கப்பட்டது. ஊர்களிலிருந்து குப்பை வந்தது. மீள்சுழற்சிதான் வந்து சேரவில்லை. நிலையத்தைச் சுற்றி மின்சார வேலி இருந்தது. 2014இல் மின்னல் தாக்கி அவ்வேலி பழுதாயிற்று. பழுதான வேலியைத் திருத்துவார் இல்லை. திறந்த வீட்டில் நாய் நுழைவது போலத் திறந்த குப்பையில் யானை நுழைந்தது. வேலியைத் திருத்தும் செலவு பெரிதா, 20 யானைகளின் உயிர் பெரிதா? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு கணக்காளரும் நம்மிடையே இல்லாமற் போனாரா?

2017இல் கொழும்பு அரசாங்கம் இரண்டு வாக்குறுதிகளைத் தந்தது. வனவிலங்கு வலயங்களை அடுத்துள்ள குப்பை மேடுகளின் கழிவுகளை மீள்சுழற்சி செய்வோம் என்பது ஒன்று. அவற்றைச் சுற்றி மின்வேலி இடுவோம் என்பது மற்றொன்று. அதே 2017 ஏப்ரல் மாதத்தில்தான் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 32 மனிதர் புதையுண்டு மாண்டனர். மனிதர் மாண்டும் நாட்டுக்கு உறைக்கவில்லை. யானை மாண்டா உறைக்கப் போகிறது? 2022இல் வெளிவந்த கணக்கின்படி இலங்கையின் வனவிலங்கு வலயங்களிலே 54 குப்பை மேடுகள் இருந்தன. ஏறக்குறைய 300 யானைகள் அவற்றைச் சுற்றி அலைந்தன. பள்ளக்காட்டைச் சுற்றி அகழி வெட்டப்படும் என்ற அறிவிப்பும் அவ்வாண்டே வந்தது. அகழி யானையைத் தடுக்கலாம். குப்பையின் மூலத்தை அகழி தடுக்குமா? மூலம் நம் அடுப்படியிலும் கடைத்தெருவிலும் கலியாணப் பந்தலிலும் அன்றோ இருக்கிறது!

யார் வீட்டில் யார் புகுந்தார்?

“யானை ஊருக்குள் புகுந்துவிட்டது” என்பது நாம் நாள்தோறும் கேட்கும் கூக்குரல். ஊர் எப்போது யானையின் காட்டுக்குள் புகுந்தது என்று கேட்பார் மிகச் சிலரே. அந்தச் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வெள்ளைக்காரத் துரைமாருக்கு இந்நாட்டின் யானை ஒரு விளையாட்டுப் பொருள். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே துரை 1,400 யானைகள் வரையிற் சுட்டுக் கொன்றதாக வரலாறு கூறுகிறது. யானையைக் கொன்றவனுக்கு அக்காலத்து அரசாங்கமே சன்மானமும் கொடுத்தது. 1937இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் துப்பாக்கிக்கு ஓரளவு கடிவாளம் இட்டது. ஆனால், காட்டின் கழுத்தை நெரிக்கின்ற கைக்குக் கடிவாளம் இட எச்சட்டமும் வரவில்லை.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. நம்மவர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய ஆற்றுக்குக் குறுக்கே இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரம் பிறந்தது. அடர்ந்த காடு ஒரு பகுதி நீரில் மூழ்கிற்று. மறு பகுதி வெட்டி எரிக்கப்பட்டு நெல் வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் குடியேற்றக் கிராமமாகவும் மாறிற்று. அக்குடியேற்றத்தால் தமிழ் பேசும் மக்களுக்கு நேர்ந்த கேட்டை இவ்வேட்டின் வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மேடைகளில் எவரும் சொல்லாத ஒன்றுண்டு: அதே திட்டம் யானையின் காணியையும் பறித்தது. மனிதனுக்கு மனு எழுதவாவது கை இருந்தது. யானைக்கு அதுவும் இல்லை.

நீரேந்து பரப்பைக் காக்கும் பொருட்டு 1954இல் கல்லோயாத் தேசிய வனம் பிரகடனஞ் செய்யப்பட்டது. 25,900 ஹெக்டேயர் அதன் பரப்பு. 1980இல் லகுகலைத் தேசிய வனம் வந்தது. அதன் பரப்பு 1,554 ஹெக்டேயர் மாத்திரமே. இத்துணைச் சிறு நிலத்துள் யானைக் கூட்டங்கள் ஆண்டு முழுவதும் அடங்கி வாழ இயலுமா? மூன்று பத்தாண்டு யுத்தத்திலே கைவிடப்பட்ட வயல்களும் சேனைகளும் மீண்டும் பற்றைக் காடாயின. யானை அங்கே குடியேறிற்று. யுத்தம் 2009இல் முடிந்ததும் மனிதன் திரும்பினான், மோதல் மூண்டது. இதுவே நடந்த கதை.

ஆராய்ச்சியாளர் 2021இல் வெளியிட்ட கணக்கு ஒன்றை உழவர் பெருமக்கள் மனத்திற் கொள்ள வேண்டும். இலங்கை நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 வீதத்திலே யானை நடமாடுகிறது. அந்நடமாட்டப் பரப்பில் ஏறக்குறைய 70 வீதத்திலே மனிதரும் குடியிருக்கின்றனர். “எல்லா யானைகளையும் சரணாலயத்துக்குள் விரட்டி அடைத்துவிடுங்கள்” என்று கர்ச்சிக்கும் அரசியல்வாதி, கால்படி நாழிக்குள் ஒரு மூடை நெல்லைக் கொட்டச் சொல்கிறார். அவ்வாறு விரட்டி அடைக்கப்பட்ட கூட்டங்கள் சில இடங்களில் தீனியின்றி மெலிந்து, குட்டிகள் மடிந்ததும் கண்ட உண்மை.

உழவனின் கண்ணீர்

இவ்வளவும் எழுதுவதால் உழவனின் துயரை நாம் அறியோம் என்று எவரும் எண்ணவேண்டா. கடன்பட்டு விதைத்து, பசளைக்குத் தவமிருந்து, கதிர் முற்றி நாளை மறுநாள் அறுக்கலாம் என்று இருக்கும் வேளையில் ஓரிரவிலே நாலைந்து யானைகள் இறங்கினால், போடியாருக்கும் நட்டம், முல்லைக்காரனுக்கும் நட்டம், கூலியாளுக்கோ பட்டினி. பரணிலே கண்விழித்து, யானை வெடியைக் கையில் ஏந்தி, உயிரைப் பணயம் வைத்து வெள்ளாமை காப்பவனிடம் சென்று “யானை அழகிய பிராணி” என்று பிரசங்கம் புரிவது மனச்சாட்சி உள்ளவன் செய்யும் வேலையன்று. 2019இல் இந்நாட்டில் யானையால் 121 மனிதர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் 405 யானைகள் மாண்டன. 2023இல் மனித உயிர்கள் 160க்கு மேல்; யானைகள் 470க்கு மேல். ஒவ்வொரு மனித உயிருக்குப் பின்னாலும் ஒரு விதவையும் தந்தையற்ற பிள்ளைகளும் நிற்கின்றனர்.

நாம் கேட்பது இதுவே: 470 யானைகளின் சாவினால் எந்த வயல் காப்பாற்றப்பட்டது? எந்த மனிதன் உயிர் பிழைத்தான்? யானை மாளும் தொகை ஏற ஏற, மனிதன் மாளும் தொகையும் உடன் ஏறுகிறதே! துப்பாக்கி பட்டுச் சாகாது தப்பிய யானை, மனிதனைக் கண்டால் ஓடுவதை விட்டுத் துரத்தப் பழகுகிறது. பூசணிக்காயிலோ வேறு தீனியிலோ வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் “ஹக்கபட்டாஸ்” என்ற கொடுமையை எண்ணிப் பாருங்கள். வாய்க்குள்ளே வெடிக்கிறது, தாடை சிதறுகிறது, உண்ணவும் முடியாது, நீர் பருகவும் முடியாது, பல நாள் துடித்துத் துடித்து அவ்வுயிர் அடங்குகிறது. காட்டுப் பன்றிக்கு வைத்தேன் என்பான் வைத்தவன். அதைக் கடிப்பவை பெரும்பாலும் அறியாத இளங்குட்டிகள். வேலிக் கம்பியிலே திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறவன் யானைக்கு மாத்திரம் பொறி வைக்கவில்லை. இருட்டில் வாய்க்கால் பார்க்கப் போகும் அயல் வயற்காரனுக்கும் வைக்கிறான்.

வழி இல்லாமற் போகவில்லை. கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் அமைந்த குழு 2020 டிசம்பரிலே தேசியச் செயற்றிட்டம் ஒன்றை அரசிடம் கையளித்தது. அதன் சாரம் எளிது. காட்டின் நடுவே, இருபுறமும் யானை நிற்க, அதிகார எல்லையில் வேலி போட்டுப் பணத்தை வீணாக்காதே. கிராமத்தைச் சுற்றி வேலி இடு. வயற் கண்டத்தைச் சுற்றி விதைப்பு முதல் அறுவடை வரை வேலி இடு. அறுவடை முடிந்ததும் கழற்றி வை. அறுத்த வயலிலே யானை தாளை மேய்ந்து போகட்டும். வேலியைக் காப்பது அவ்வவ்வூர் விவசாய அமைப்பின் பொறுப்பு. இத்தகைய பருவகால வேலிகள் சில மாவட்டங்களில் பயன் தந்தும் இருக்கின்றன. எனினும் அத்திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. அறிக்கை எழுதுவதில் கொழும்பு சூரன். அதை நிறைவேற்றுவதில் கும்பகர்ணன்.

இங்கேதான் குப்பை மேட்டின் தீமையை உழவன் உணரவேண்டும். காட்டின் உள்ளே மேயவேண்டிய யானையை ஆண்டு முழுவதும் வயலோரத்துக்கு இழுத்து நிறுத்துவது எது? உப்பும் இனிப்பும் அழுகிய பழமும் கலந்து மணக்கும் குப்பை மேடன்றோ? மனித உணவின் சுவையைக் கண்ட யானை, குப்பையை விட்டு நெல்லுக்கும், நெல்லை விட்டு வீட்டுக் குசினியின் மூடைக்கும் வருகிறது. தன் வயலுக்கு இரண்டு கட்டை தூரத்தில் யானைக்கு விருந்து வைத்துவிட்டு, விருந்தாளி வந்துவிட்டான் என்று அலறினால் பயன் என்ன?

காடு காப்பது வேறு. காணி பறிப்பது வேறு

இவ்விடத்தில் ஒரு குரல் எழும். “காடு காப்பது, விலங்கு காப்பது என்பதெல்லாம் நம் காணியைக் கவரும் சூழ்ச்சி” என்னும் குரல் அது. அக்குரலை நாம் இகழோம்; அதற்குக் காரணம் உண்டு. யுத்தத்தில் துரத்தப்பட்டவன் உறுதிப் பத்திரத்துடன் திரும்பியபோது, அவன் வயலிலே வன இலாகாவின் எல்லைக்கல் நின்றது. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்தோருக்காகச் சவூதி அரேபியாவின் உதவியோடு நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள், வழக்கிலே சிக்கிப் பல்லாண்டு பூட்டிக் கிடந்து பாழாயின. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருட் செயலணியை அமைத்தபோது, தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாய் வாழும் மாகாணத்துக்கு அம்மக்களுள் ஒருவரையேனும் முதற்பட்டியலிற் சேர்த்தார்களா? இல்லை. சந்தேகம் பிறப்பது இயல்பே.

ஆனால் இந்த அநீதிகளைச் செய்தவை அலுவலகங்கள். யானை எந்த வர்த்தமானியிலும் கையொப்பம் இடவில்லை. எல்லைக்கல் நாட்டிய அதிகாரிமேல் உள்ள சினத்தை யானையின் வாயிலே வெடியாக வைப்பது வீரமா? அன்றியும், ஓர் அரசியல் உண்மையை நம் தலைவர்கள் உணரவேண்டும். காட்டை அழிப்பவர் என்ற பழியை நாம் சுமக்குமட்டும், காட்டைக் காக்க வந்தோம் என்ற பட்டத்துடன் வெளியாள் உள்ளே வருவான். நம் காட்டை நாமே காத்து, நம் குப்பையை நாமே அடக்கிக் காட்டினால், எந்த இலாகா என்ன முகத்தோடு எல்லைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வரும்? தன்னாட்சி என்பது கொழும்பு கொடுக்கும் தாளில் மட்டும் இல்லை. தன் ஊர்க் கழிவைத் தன் ஊரிலேயே சீர்செய்யும் சபையிலும் இருக்கிறது.

அமெரிக்கக் கரடி புகட்டும் பாடம்

குப்பைக்கு இரையானது நம் யானை மாத்திரமன்று. அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசிய வனத்திலே கிரிஸ்லி என்னும் பெருங்கரடிகள் வாழ்கின்றன. விடுதிகளின் எச்சில் கொட்டிய குப்பை மேடுகளில் அவை கூட்டமாகத் தின்பதை, பல்லாண்டுக் காலம் உல்லாசப் பயணிகள் பலகையில் அமர்ந்து வேடிக்கை பார்த்தனர். கரடிகள் காட்டுணவை விட்டு மனிதனின் எச்சிலை நம்பப் பழகின. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிலே அக்குப்பை மேடுகளை வன அதிகாரிகள் விரைந்து மூடினர். அக்கரடிகளை ஆண்டாண்டாய் ஆராய்ந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள், படிப்படியாக மூடுங்கள் என்று எச்சரித்தும் கேட்டிலர். எச்சில் கிடைக்காத கரடிகள் கூடாரங்களையும் ஊர்களையும் நாடின, ஏராளமானவை கொல்லப்பட்டன. 1975இல் அவ்வட்டாரத்தில் எஞ்சியவை ஏறக்குறைய 136 என மதிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே சட்டம் அவற்றைத் தன் காவலில் எடுத்தது. கரடி திறக்கமுடியாத குப்பைத் தொட்டிகள் வந்தன, வாழிடம் காக்கப்பட்டது. இன்று அவற்றின் தொகை ஆயிரத்தை அண்மிக்கிறது.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. குப்பை மேடு காட்டுயிரைக் கெடுக்கும் என்பது ஒன்று. பழகிய விலங்குக்கு மாற்று வழி காட்டாமல் ஒரே நாளில் மூடினால் அது ஊருக்குள் வரும் என்பது மற்றொன்று. ஆதலின் மூடுவதும், வேலி இடுவதும், காட்டைக் காப்பதும் ஒன்றாக நடைபெற வேண்டும்.

நம் நாட்டிலும் கரடி உண்டு. கறையானும் தேனும் பாலைப்பழமும் உண்டு வாழும் அக்கருங்கரடி, இத்தீவில் ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக மதிக்கப்படுகிறது. கல்லோயாக் காடும் குமண வனமும் அதன் இல்லங்கள். யானைக்கென்று காக்கும் காட்டில் கரடிக்கும் இடமுண்டு, சிறுத்தைக்கும் இடமுண்டு. அதைவிடப் பெரிய உண்மை, அதே காடுதான் சேனநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து பரப்பு. அந்நீரே சம்மாந்துறைக் கண்டங்களிலும் நிந்தவூர் வயல்களிலும் பாய்கிறது. காடு சாய்ந்தால் மண் கரைந்து குளத்தை நிரப்பும், வாய்க்கால் வற்றும். அன்று யானை இல்லாத வயலில் வெள்ளாமையும் இராது!

செய்யவேண்டியது யாது?

முதலாவதாக, கரையோர உள்ளூராட்சி மன்றங்கள் அனைத்தும் ஒரே மேசையில் அமர்ந்து, காட்டோரத்தில் ஒரு லொறிக் குப்பையும் கொட்டுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நம் குப்பையிற் பெரும்பகுதி சமையற் கழிவு. அதை வீட்டிலேயே பிரித்தெடுத்தால் பசளையாகும். பசளை விலைக்குக் கலங்கும் உழவனுக்கு அது கைகொடுக்கும்.

இரண்டாவதாக, பள்ளக்காட்டில் ஏற்கனவே குவிந்துள்ள நஞ்சை அகற்றி முடியும்வரை, அவ்விடத்தைச் சுற்றி உறுதியான வேலி நின்று பராமரிக்கப்பட வேண்டும். மின்னல் தாக்கினால் மறுவாரமே திருத்தும் பொறுப்பு, பெயர் குறித்த ஓர் அதிகாரியின் தலையில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, 2020ஆம் ஆண்டுச் செயற்றிட்டத்தின்படி அம்பாறை மாவட்ட வயற் கண்டங்களுக்குப் பருவகால வேலியை அரசாங்கம் வழங்க வேண்டும். பயிரழிவுக்கும் உயிரிழப்புக்கும் காலந்தாழ்த்தாது நட்டஈடு கொடுக்க வேண்டும். உழவனைப் பட்டினி போட்டு யானையைக் காக்க எவராலும் இயலாது.

நான்காவதாக, வைத்தியர்களே, ஆசிரியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே! நீங்கள் கூடும் சங்கங்களில் இதனை ஒரு பொருளாக எடுங்கள். சபையின் வரவு செலவைக் கேளுங்கள். கழிவுக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே என்று எழுத்திலே வினவுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் உங்கள் கையில் இருக்கிறதே!

ஐந்தாவதாக, பள்ளிவாசல் நிருவாகிகளும் ஆலய பரிபாலன சபையாரும் முன்வர வேண்டும். பசுவின் பெயரும், தேனீயின் பெயரும், எறும்பின் பெயரும், யானையின் பெயரும் அத்தியாயங்களுக்குத் தலைப்பாய் அமைந்த திருக்குர்ஆனை ஓதும் சமூகம், இவ்வுலகை அமானிதமாகப் பெற்றோம் என்று நம்பும் சமூகம், அந்த யானைக்குப் பொலித்தீனை ஊட்டலாமா? ஆனைமுகனை வணங்கி ஏரைப் பூட்டும் சமூகம், அம்முகத்துக்கு நேரே வெடியை நீட்டலாமா? ஜும்ஆப் பிரசங்கத்திலும் கோயிற் திருவிழாவிலும் இச்செய்தி ஒலிக்கட்டும். கந்தூரியும் அன்னதானமும் பொலித்தீன் இன்றி நடக்கட்டும். வாழையிலைக்கு இந்நாட்டிலே பஞ்சம் வந்துவிடவில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன என்றார்கள். ஆண்டுக்கு 400, 470 என்று கொன்று கொண்டே போனால் எத்தனை ஆண்டுக்கு அவை தாங்கும்? இருபத்திரண்டு மாதம் சுமந்து ஒரு குட்டியை ஈனும் இனம் அது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. பள்ளக்காட்டில் இறந்த யானைக்கு ஒரு சதமேனும் பெறுமதி இருந்ததா? அதன் வயிற்றில் இருந்தவை நம் கடைகளின் பைகளே.

தமிழ் பேசும் பெருமக்களே! நம் உரிமைக்கு நாம் போராடுவோம், காணிக்குப் போராடுவோம், மொழிக்குப் போராடுவோம். அப்போராட்டத்துக்குரிய தகுதியை முதலிலே நம் முற்றத்தில் நிலைநாட்டுவோம். அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம், வீதியும் விளக்கும் கேட்கும் அதே வாயால் இதையும் கேளுங்கள்: “ஐயா, எங்கள் குப்பையை எங்கே கொட்டுவீர்?” விடை சொல்லத் தெரியாதவருக்கு வாக்கு இல்லை என்று சொல்லி அனுப்புங்கள்!